எப்போதும் 25 டிகிரி காட்டிய போன்

ஏப்ரல் மாதம், பட்டுக்கூடு விற்க தருமபுரிக்கு வந்திருந்த அக்கா ஒருவர் மதியம் மூன்று மணிக்கு என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்தார். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். கூடு விற்ற சீட்டு கையில், போன் மஞ்சப்பையில். போனைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்டு இறுக்கமாகப் போட்டிருந்தது.

"தம்பி, டிஸ்பிளே தூக்கிக்கிச்சு. அழுத்துனா உக்காருது, விட்டா திரும்ப எழும்புது. கொஞ்சம் பசை போட்டு ஒட்டிக் குடுத்துடு. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போவணும்."

டிஸ்பிளே தானாகத் தூக்காது. உள்ளே இருக்கும் பேட்டரி உப்பி அதைத் தூக்கிவிட்டது. அவர் சாதாரணமாகச் சொன்ன "அழுத்துனா உக்காருது" என்ற வார்த்தைதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உப்பிய பேட்டரியை ரப்பர் பேண்டால் இறுக்கி, கூட்ட பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். போனை வாங்கி அணைத்தேன். ரப்பர் பேண்டை அறுத்தேன். கடை வாசலில் சிமெண்ட் தரையில், நிழலில், மணல் போட்ட பழைய தகரத் தட்டின் மேல் வைத்தேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் தம்பி, பாம்பு புடிச்ச மாதிரி தூக்கிட்டுப் போற?"

கடை வைத்து 17 வருடம் ஆகிறது. உப்பிய பேட்டரி எனக்குப் புதிதில்லை, கோடையில் வாரம் இரண்டாவது வரும். மாற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இந்த ஒன்றை மட்டும் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம், திறந்து பார்த்தபோது அந்தப் பேட்டரியின் மேல் இருந்த சின்ன வெள்ளை ஸ்டிக்கர். 1 முதல் 12 வரை மாத எண்கள், 9-இல் நீலப் பேனாப் புள்ளி, பக்கத்தில் ஒரு கிறுக்கல். அது என் கையெழுத்து. போன செப்டம்பரில் அந்த பேட்டரியைப் போட்டது நான்தான்.

திறந்த விதம்

வழக்கமாக போனின் பின்பக்க மூடியைக் கழற்ற சூடு காட்டுவோம், பசை இளகும். உப்பிய பேட்டரிக்கு அது ஆகாது. ஐபிஏ என்று நாங்கள் சொல்லும் ஆல்கஹாலைச் சொட்டு சொட்டாக ஓரத்தில் விட்டு, பிளாஸ்டிக் கார்டால் மெதுவாக விலக்கினேன். இரும்புக் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ பக்கத்திலேயே வரக் கூடாது. கதவு திறந்திருந்தது, மின்விசிறி ஓடியது, மணல் தட்டு கைக்கு எட்டும் தூரத்தில். பேட்டரி இணைப்பைப் பிடுங்கிய பிறகுதான் மூச்சு விட்டேன். அடியில் ஒட்டியிருந்த டேப்பை விடுவிக்க நாற்பது நிமிடம் ஆனது. அக்காவின் ஐந்து மணி பஸ் போய்விட்டது.

நல்ல நிலையில் ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பேட்டரி, நடுவில் ஒன்பது மில்லிமீட்டர் இருந்தது. தொட்டால் தலையணை மாதிரி. இனிப்பான வாடை இல்லை. உறை கிழிந்து உள்ளிருக்கும் திரவம் கசிந்திருந்தால் நகப்பூச்சு போல ஒரு வாடை அடிக்கும். அது வந்தால் வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட வேண்டும். அதை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோந்து பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

உப்பல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் "கரண்ட் அதிகமாக ஏறி வீங்கிவிட்டது" என்று நினைக்கிறார்கள். பேட்டரிக்குள் செம்புத் தகட்டின் மேல் கிராஃபைட் பூச்சு, அலுமினியத் தகட்டின் மேல் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு பூச்சு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள். தலைமுடியை விடப் பல மடங்கு மெலிது. மூன்றையும் சேர்த்து, பாயைச் சுருட்டி அமுக்கியது போல வைத்து, கரிமக் கரைப்பான் ஊற்றி, அலுமினியம் கலந்த பையில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு பக்கமிருந்து கிராஃபைட்டுக்குப் போகும், போன் ஓடும்போது திரும்பி வரும். 1991-இல் சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த அதே சங்கதிதான் இன்றும். இதற்கு அடிப்படை போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

அந்தக் கரைப்பான் வெப்பத்துக்கு ஆகாது. சூடு ஏற ஏற, அதிலும் முழு சார்ஜில் இருக்கும்போது சூடு ஏறினால், கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகிறது. கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன், ஹைட்ரஜன் என்று கலவையாக. பைக்கு வெளியேறும் வழி இல்லை, அதனால் உப்புகிறது. உப்பல் என்பது ஒரு நாள் விபத்து கிடையாது. பல மாதம் சேர்ந்த சூட்டின் மொத்தக் கணக்கு அது. அதோடு, உள்ளே சேர்ந்திருப்பதில் எரியக்கூடிய வாயுக்களும் உண்டு. ஊசியால் குத்தி காற்றைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்கும் பையன்களுக்கு இதைத்தான் சொல்வேன்: குத்தினால் நடுத்தாள் கிழியும், இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும், அப்புறம் குத்தியவன் கை இருக்காது.

அதில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அக்காவுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் 19.25 வாட் மணி. ஒரு டம்ளர் தண்ணீர், சுமார் 200 மில்லி, அறைச் சூட்டிலிருந்து கொதி வருவதற்கு இது போதும். போன் இதை ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்கிறது. தகடுகள் தொட்டுக்கொண்டால் சில நொடிகளில் வெளியே வந்துவிடும். "மடியில அடுப்பு வெச்சுக்கிட்டா வந்தேன்?" என்றார்.

யார் மேல் பழி போடுவது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கரைப் பார்த்ததும் முதலில் மனம் ஓடியது அக்காவின் பக்கம்தான். "ராத்திரி பூரா சார்ஜ் போட்டு வெச்சிருப்பீங்க" என்று ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் மேல் தப்பு இருந்தால் எனக்கு வசதி. ஏழு மாதத்தில் உப்பிய பேட்டரிக்கு ஆறு மாத வாரண்டி என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சார்ஜரை அவர் பையிலேயே வைத்திருந்தார். யூஎஸ்பி மீட்டரில் போட்டால் 5.1 வோல்ட், 1.8 ஆம்பியர், ஆட்டமில்லாமல் நின்றது. ஒயரும் நல்ல ஒயர். "மோட்டார் போட்டா லைட் மினுங்கும் தம்பி, அதனால இருக்குமா?" என்றார். ஊரில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது வாஸ்தவம், ஆனால் இப்போதைய சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொண்டு ஒரே அளவாகக் கொடுப்பவை. போன் பக்கத்துக்கு அந்த மினுக்கல் வருவதில்லை. சார்ஜ் துளையில் லேசாகப் பச்சைக் களிம்பு இருந்தது. புழு மனையைச் சுத்தம் செய்ய பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள், அதன் ஆவி உலோகத்தை அரிக்கும். துடைத்துவிட்டேன், உப்பலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கீழே விழுந்த அடையாளமும் இல்லை.

இரவு முழுக்க சார்ஜ் போடுவது என்ற பழியும் முழுசாக நிற்கவில்லை. நூறு சதவீதம் வந்ததும் போன் தானே நிறுத்திக்கொள்ளும். கெடுதல் வேறு வழியில் வருகிறது: முழு சார்ஜிலேயே மணிக்கணக்கில், சூடான இடத்தில் உட்கார்ந்திருப்பது. பேட்டரித் துறையில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. முழு சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருடம் கிடந்தால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வரும், 40 டிகிரியில் கிடந்தால் 65-க்கு இறங்கும். 40 சதவீத சார்ஜில் வைத்தால் அதே 40 டிகிரியில்கூட 85 வரை நிற்கும். அதனால்தான் பயன்படுத்தாத போனைப் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள் என்கிறோம். ஆனால் இதெல்லாம் பேட்டரி மெதுவாகக் கிழடாவதற்கான கணக்கு. ஏழு மாதத்தில் ஒன்பது மில்லிமீட்டர் வந்ததற்கு இது மட்டும் போதாது.

அப்புறம்தான் பேட்டரியையே எடுத்து வைத்துப் பார்த்தேன். லேபிளில் 5000 எம்ஏஎச் என்று அச்சு. எங்கள் தெருவில் நகைக் கடைக்காரர் பயன்படுத்துவது மாதிரி ஒரு சின்ன தராசு என்னிடம் உண்டு. 5000 எம்ஏஎச் பேட்டரி ஒன்று 65 முதல் 75 கிராம் வரை இருக்கும். இது 49 கிராம். வீக்கத்தால் எடை குறையாது, பை மூடித்தான் இருக்கிறது. ஆக, அந்த எண் லேபிளில் மட்டும்தான் இருந்தது. பிஐஎஸ் என்ற இந்தியத் தர அமைப்பின் முத்திரையும் அதன் கீழே ஆர் என்ற எழுத்தோடு வரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கோடுகள். செல்போன் பேட்டரிக்கு இந்தியாவில் ஐஎஸ் 16046 என்ற தரத்தின் கீழ் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த ஆர் எண்ணைத் தட்டினால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். செப்டம்பரில் நான் தட்டிப் பார்க்கவில்லை. அசல் 1,450 ரூபாய், இது 400 ரூபாய், அக்கா "ரொம்ப ஆகும்னா வேணாம் தம்பி" என்று சொன்னார், நான் போட்டுவிட்டேன்.

ஆனால் எடை குறைந்த பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவுதானே? உப்புவதற்கு இன்னும் ஏதோ வேண்டும். அதற்கு மேல்புறத்து மஞ்சள் டேப்பை உரிக்க வேண்டியிருந்தது. தயவு செய்து வீட்டில் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்.

டேப்புக்கு அடியில் குட்டியாக ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல், அடியோடு வடியாமல், ஷார்ட் ஆகாமல் காப்பது அதன் வேலை. அதன் கூடவே என்டிசி என்று ஒரு சமாச்சாரம். சூட்டைப் பார்த்து மின்தடை மாறும் சின்னத் துண்டு. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும், சூடு ஏற ஏற இறங்கும். 35-இல் ஏழுக்குக் கிட்டே, 45-இல் ஏறக்குறைய பாதி. போன் இந்தத் தடையைப் படித்துத்தான் பேட்டரியின் சூட்டைத் தெரிந்துகொள்கிறது. 45 டிகிரியை ஒட்டி வந்ததும் சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்தும்.

மல்டிமீட்டரை வைத்தேன். 10.0. கடை அப்போது 30 டிகிரி. விரலால் அழுத்திப் பிடித்தேன், 10.0. அசல் பேட்டரி ஒன்றை எடுத்து அதே மாதிரி பிடித்தால் எண் கண் முன்னாலேயே எட்டு, ஏழரை என்று இறங்குகிறது. இதில் அசையவே இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். என்டிசி இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். ஒரு ரூபாய்க்கும் கீழே விலை போகும் பொருளில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அதே லாட்டில் உப்பாத பேட்டரி ஒன்று கடையில் கிடந்தது. அதைப் போனில் மாட்டி, வெப்பநிலை காட்டும் ஆப்பைத் திறந்தேன். 25.0 டிகிரி. டீக்கடைப் பையன் கொண்டுவந்த டம்ளரை போனின் முதுகோடு ஒட்டி வைத்தேன். 25.0. கை சுட்டதும் டம்ளரை எடுத்தேன். போன் 25.0-ஐ விட்டு நகரவில்லை.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே பிடித்துவிட்டார். பட்டுப்புழு வளர்ப்பவருக்கு 25 டிகிரி புது எண் இல்லை. கடைசிப் பருவத்துப் புழுவுக்கு 24 முதல் 26 டிகிரிதான் ஏற்றது. முப்பதைத் தாண்டினால் தழை தின்பது குறையும், நோய் வரும், கூடு மெலியும், அங்காடியில் விலை விழும். அவர் மனையில் தெர்மாமீட்டர் எப்போதும் தொங்கும்.

"அப்ப, மனையில மாட்டுற மீட்டர்ல 25-ன்னு பெயிண்ட்ல எழுதி வெச்ச மாதிரியா?" என்றார்.

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அன்றைக்கு என் உதிரிப் போன் ஒன்றில் அவர் சிம்மைப் போட்டுக் கொடுத்து, ஏழு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

ஜன்னல் திட்டு

பொய் மீட்டர் இருந்தால் மட்டும் பேட்டரி உப்பாது. சூடும் வந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்கு வண்டியில் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கொரோனா சமயத்தில் வாங்கி மூலையில் கிடந்த நெற்றித் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டேன். அதில் பொருட்களின் மேற்பரப்புச் சூடு பார்க்கும் வசதி உண்டு.

புழு மனையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் தென்னங்கீற்று, ஜன்னல்களில் ஈரச் சாக்கு, சுற்றிலும் நிழல். வெளியே 38 டிகிரி, உள்ளே 27. போன் வசித்த இடம் வேறு. வீட்டின் மேற்குப் பக்கத்து ஜன்னலின் சிமெண்ட் திட்டு. ஏன் அங்கே? அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். கல்லூரி படிக்கும் மகளுக்கு ஹாட்ஸ்பாட் போட்டு, சார்ஜரில் மாட்டி, மதியம் முழுக்க அந்தத் திட்டில் வைத்துவிடுவார்கள். தடிமனான ரப்பர் கவர் வேறு.

எண்ணிப் பாருங்கள். சார்ஜ் ஏறும் சூடு ஒன்று. ஹாட்ஸ்பாட்டின் சூடு ஒன்று. சிக்னல் பலவீனமாக இருந்தால் டவரை எட்டிப் பிடிக்க போன் அதிக சக்தியோடு அலை அனுப்பும், அந்தச் சூடு ஒன்று. இவற்றின் மேல் மூன்று மணி மேற்கு வெயில். அது வெளியேற முடியாமல் ரப்பர் கவர்.

என் சொந்தப் போனை அதே திட்டில் அதே மாதிரி வைத்தேன். இருபது நிமிடத்தில் முதுகு 46 டிகிரி, போன் தானே சார்ஜை நிறுத்தி எச்சரிக்கை காட்டியது. சார்ஜ் நின்ற பிறகும் வெயிலால் 49 வரை ஏறியது. அக்காவின் போனுக்கு இந்த எச்சரிக்கையே வந்திருக்காது. அது 25 டிகிரி என்று நம்பி, முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கும், ஏழு மாதம். இரவில் புழு கடைசிப் பருவத்துக்கு வரும்போது அக்கா மனையிலேயே படுப்பார். அலாரத்துக்காக போன் தலையணைக்கு அடியில், சார்ஜரோடு. அங்கே காற்றுக்கு வழியே இல்லை. வேதிவினையின் வேகம் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தோராயமான பழைய கணக்கு. 25-க்கும் 45-க்கும் நடுவே நாலு மடங்கு.

இதில் தீப்பற்றாதது அதிர்ஷ்டம்தான். சூடு 80, 90 டிகிரியைத் தாண்டினால் கிராஃபைட் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கி தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டும். 130-ஐ ஒட்டி நடுத்தாள் உருகும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து சூடே வேண்டாம், தானாக ஓடும். நடுத்தாளும் தகடும் எவ்வளவு நுணுக்கமானவை என்பதற்கு 2016-இல் சாம்சங்கின் நோட் 7 சாட்சி. முதல் கட்டத்திலேயே சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017 ஜனவரியில் அவர்களே சொன்ன காரணம்: ஒரு தயாரிப்பாளரின் பேட்டரியில் மூலையில் தகடு வளைந்திருந்தது, இன்னொருவருடையதில் வெல்டிங் பிசிறு. அத்தனை சோதனைக்கூடம் வைத்திருப்பவர்களுக்கே அந்த நிலை என்றால், ரெசிஸ்டர் ஒட்டி விற்பவனின் தகட்டு மூலையை யார் பார்த்தார்கள்?

திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது அக்காவின் மாமனார் கேட்டார்: "ஒருவேளை புடிச்சிக்கிட்டா மண்ணு போடணுமா, தண்ணி ஊத்தணுமா? கரண்ட் சாமான்ல தண்ணி ஊத்தக் கூடாதும்பாங்களே?" நல்ல கேள்வி, கடையிலும் பாதிப் பேர் தப்பாகவே நினைக்கிறார்கள். சார்ஜரில் இருந்தால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும், முடியாவிட்டால் மெயினை. அதன் பிறகு தண்ணீர், தாராளமாக. மணல் தீயைப் பரவாமல் பிடித்து வைக்கும், ஆனால் சூட்டை எடுக்காது. பேட்டரி அணைந்தது போல இருந்துவிட்டு மறுபடி பற்றும், தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கும். விமானங்களில் செல்போன் பற்றினாலும், தீயணைப்பானால் தீயை அடக்கிய பிறகு பணியாளர்கள் குளிர வைக்கத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள். கையால் எடுத்து வெளியே எறியப் பார்க்கக் கூடாது. புகை நச்சு, கரைப்பானில் உள்ள ஃபுளோரின் உப்பு சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். ஆட்களை வெளியேற்றுவது முதல் வேலை, போன் போனால் போகட்டும்.

போன் உப்பியிருக்கிறது, பற்றவில்லை என்றால் ஊற்ற வேண்டாம். அணைத்து, சார்ஜ் போடாமல், அழுத்தாமல், வெறும் தரையிலோ மணலிலோ வைத்துவிட்டு கடைக்காரரைக் கூப்பிடுங்கள். ஃபிரிட்ஜில் வைப்பது, அரிசியில் புதைப்பது இதெல்லாம் எதற்கும் உதவாது. அரிசி நனைந்த போனுக்கே உதவாது, தூசியும் மாவும் துளையில் போவதுதான் மிச்சம்.

மீதிப் பேட்டரிகள்

கடைக்குத் திரும்பியதும் பில் புத்தகத்தை எடுத்தேன். அந்த லாட்டில் 20 பேட்டரி வாங்கியிருந்தேன். அலமாரியில் ஆறு இருந்தன. ஆறையும் மல்டிமீட்டரில் பார்த்தேன்: நாலில் பொய் என்டிசி, இரண்டில் நிஜமானது. ஒரே பெட்டி, ஒரே லேபிள். லேபிளைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. மொத்த வியாபாரியிடம் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கம்ப்ளைன்ட் சொல்லலையே" என்றார். நானும் அதுவரை சொன்னதில்லைதான்.

அக்காவைத் தவிர 13 பேருக்குப் போட்டிருக்கிறேன். எல்லோரையும் கூப்பிட்டேன். 11 பேர் எடுத்தார்கள், ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து போனில் பொய் மீட்டர். அதில் இரண்டு ஏற்கெனவே லேசாக உப்பியிருந்தன. ஒன்று ஒகேனக்கலில் பரிசல் ஓட்டும் அண்ணனுடையது. தண்ணீர் படாமலிருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் வெயிலில் இருப்பார். மற்றொன்று லாரி ஓட்டுநருடையது. முன்கண்ணாடியில் மாட்டி, சார்ஜ் போட்டு, வழிகாட்டும் மேப்பை ஓடவிட்டு, தொப்பூர் கணவாய் வழியாக வாரம் மூன்று முறை போய்வருபவர். மேப் ஓடும்போது போனுக்கு ஏசிக் காற்று படும்படி மாட்டுங்கள் என்றேன். "லாரில ஏசியா?" என்று சிரித்தார். சரி, அப்படியானால் சார்ஜை எண்பதோடு பிடுங்கிவிட்டு நிழல் பக்கம் மாற்றி மாட்டுங்கள் என்று முடித்துக்கொண்டோம்.

பேட்டரிகளைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துத் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்கும்போது 2007 ஞாபகம் வந்தது. அப்போது நான் இன்னொரு கடையில் ஹெல்பர். நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரிகளில் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிதா தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரி சூடாகலாம் என்று அந்த ஆகஸ்டில் அறிவித்தார்கள். கடை வாசலில் கூட்டம். பேட்டரியைக் கழற்றி 26 எழுத்துக் குறியீட்டைப் படித்துச் சொல்வதுதான் எனக்கு நாளெல்லாம் வேலை. குறியீடு சரியாக இருந்தாலும் ஜனங்கள் நம்ப மாட்டார்கள். மேஜை மேல் வைத்துச் சுண்டிவிடுவார்கள், பம்பரம் மாதிரி சுற்றினால் உப்பல், நின்றால் நல்லது. அந்தக் காலத்தில் பேட்டரி கையில் கழன்று வந்தது, யாரும் பார்க்கலாம். இன்று பசை போட்டு மூடியிருக்கிறது. வெளியிலிருந்து தெரியும் அடையாளங்கள் கொஞ்சம்தான்: பின்மூடி ஓரத்தில் இடைவெளி, திரையில் ஒரு இடம் மட்டும் வெளிறுவது, தட்டையான மேஜையில் வைத்தால் போன் ஆடுவது, நாற்பது சதவீதத்தில் திடீரென அணைவது. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே திறந்து பார்க்க வேண்டும்.

இப்போது கடைக்கு வரும் எந்த பேட்டரியையும் எடை போட்டு, என்டிசியைக் கையில் பிடித்துப் பார்த்து, ஆர் எண்ணைத் தட்டிய பிறகுதான் அலமாரியில் வைக்கிறேன். ஒன்றுக்கு இரண்டு நிமிடம். உப்பியவை முனைகளில் டேப் ஒட்டி வெளியே மணல் பானையில் இருக்கின்றன. முன்பு பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டதுண்டு, அங்கே சுத்தியலால் உடைப்பார்கள் என்று தெரிந்தும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி இவற்றைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. நடைமுறையில், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்கு அனுப்ப நாங்கள் நாலு கடைக்காரர்கள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

புது பேட்டரிக்குப் பிறகு

அக்காவின் போனில் பதிவு எண் உள்ள பேட்டரி போட்டேன், 70 கிராம், என்டிசி விரல் சூட்டுக்கு இறங்கியது. பணம் வாங்கவில்லை. அடுத்த முறை வரும்போது இரண்டு படி கேழ்வரகு மாவு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

மே முதல் வாரம் மதியம் போன் செய்தார். மகள் போனிலிருந்து.

"தம்பி, நீ போட்ட பேட்டரியும் கெட்டுப்போச்சு. மறந்து போயி திட்டு மேலயே வெச்சிட்டோம். சூடு அதிகமா இருக்குது, சார்ஜ் நிறுத்தியாச்சுன்னு எழுதிக் காட்டுது."

"கெட்டுப்போகலக்கா. இப்பத்தான் அதுக்கு மீட்டர் வேலை செய்யுது. எடுத்து புழு மனையில வையுங்க, ஆறட்டும்."

"மனையில சிக்னல் வராதே."

"மணி அடிக்கலன்னா பரவாயில்ல. ஆறுனப்புறம் எடுத்துக்கலாம்."

அரை மணி நேரம் கழித்து அவர் போனிலிருந்தே மறுபடி அழைப்பு வந்தது. 31-க்கு இறங்கிவிட்டதாம்.